திங்கட்கிழமை இரவும் ஒரு கட்சிக் கிளையும்

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கட்சி என்றால் கொடிக்கம்பம், சுவர் விளம்பரம், மைக் செட். தேர்தல் வந்தால் தெருவே இரண்டுபட்டு நிற்கும். சிங்கப்பூரில் கட்சி வேலை என்றால் என்ன என்பது, இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்துக் குடியுரிமை பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. நிரந்தரவாசியாக இருந்தவரை வாக்குரிமை கிடையாது. தேர்தல் பிரசாரத்தில் இறங்கவும், கட்சிக்கு நன்கொடை கொடுக்கவும்கூடச் சட்டம் இடம் தராது. குடிமகனான பிறகு வாக்களிப்பது கட்டாயம். வாக்களித்தால் மட்டும் போதுமா என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும், கட்சிக் கிளையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான், “திங்கட்கிழமை கீழே வாங்க, வேலை நிறைய இருக்கு” என்று கூப்பிட்டார்.

எந்தக் கட்சி என்று இங்கே எழுதவில்லை. ஆளும் மக்கள் செயல் கட்சியானாலும் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியானாலும், மக்களின் குறை கேட்கும் இந்த வேலை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் நடக்கிறது. நான் சொல்ல வந்ததும் இரண்டுக்கும் பொருந்தும்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களை நேரில் சந்தித்துக் குறை கேட்கும் வழக்கத்தை 1955இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்தார். ஆட்சிகள் மாறியும் அது நிற்கவில்லை. பெரும்பாலும் வாரம் ஒரு மாலை, புளோக்கின் கீழ்த்தளத்தில் மடக்கு மேசைகளைப் போட்டு உட்காருவோம். வருபவர் எண் வாங்கிக்கொண்டு காத்திருப்பார். தொண்டூழியர் ஒருவர் அவரிடம் விவரம் கேட்டு, அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கோ (வீவக) மனிதவள அமைச்சுக்கோ கடிதம் தயாரிப்பார். உறுப்பினர் அவரைப் பார்த்துப் பேசி, கடிதத்தைத் திருத்திக் கையெழுத்திடுவார். அது பரிந்துரைக் கடிதம்தான். முடிவு எடுப்பது அந்தந்த அமைப்பு. இதை வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன். கையெழுத்து விழுந்தால் காரியம் முடிந்துவிடும் என்ற நினைப்போடு ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது நியாயமில்லை.

ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துப்புரவு வேலை பார்ப்பவர், எழுபதை நெருங்குபவர். பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டுக் கடிதங்கள் கொண்டுவந்திருந்தார். பாதி உறை பிரிக்கப்படவே இல்லை. முதலில் விசாரித்த சீனப் பையன் மிகப் பொறுமையானவன்தான். ஆனால் பெரியவர் ஆங்கிலத்தில் “ஓகே, ஓகே” என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. என் மேசைக்கு வந்ததும், “ஐயா, உக்காருங்க. சாப்பிட்டீங்களா?” என்றேன். அதற்குப் பிறகு கொட்டினார்.

நகர மன்றத்துக்குக் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் பல மாதமாகப் பாக்கி. மனைவிக்கு டயாலிசிஸ். “தம்பி, ஏமாத்தணும்னு இல்ல. மொத்தமா கேட்டா எங்க போவேன்?” உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேதிவாரியாக மேசையில் அடுக்கினோம். சம்பளம் என்றைக்கு வரும், மருந்துக்குப் போக மிச்சம் எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்டினால் மூச்சு முட்டாது என்றெல்லாம் கேட்டு எழுதினேன். சம்பளம் ஏழாம் தேதி என்றார்; தவணையைப் பத்தாம் தேதிக்கு வைக்கும்படி கேட்டோம். தவணை கிடைத்தது. மறுபடி ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர், காசு கட்டிய ரசீதை எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 1989 முதல் வீவக புளோக்குகளிலும் வட்டாரங்களிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. அதனால் ‘தமிழர் தொகுதி’ என்று ஒன்று இந்தத் தீவில் கிடையாது. இந்தியர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர்களும் தீவெங்கும் பரவி இருக்கிறார்கள். ஊட்ரமானாலும் செங்காங்கானாலும் நம்மவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள். ஆகவே, எல்லாக் கிளைக்கும் தமிழ் பேசும் ஆள் வேண்டும். பலர் ஓர் அணியாக, சிறுபான்மையினர் ஒருவரையாவது சேர்த்துக்கொண்டு போட்டியிடும் குழுத்தொகுதி முறை 1988இல் வந்தது; அது சிறுபான்மை வேட்பாளர்கள் நாடாளுமன்றத்துக்குள் வர வழிசெய்தது. கீழே மேசையில் உட்காருவதற்கு ஆட்களைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியாது; நாமாகத்தான் வர வேண்டும்.

நமக்கு இது புதிதுமில்லை. மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் அக்கட்சியைத் தோற்கடித்த பாட்டாளிக் கட்சியின் ஜே.பி. ஜெயரத்தினமும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரே. எதிரெதிர் அணியில் நின்ற அந்த இருவரையும் என் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்லித் தருகிறேன்.

2025 மே 3 பொதுத்தேர்தலின்போது துண்டறிக்கை கொடுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். மாற்றுக் கட்சிக்காரர்கள் எதிரே வந்தால் தலையசைத்துவிட்டுக் கடந்து போனார்கள். சில வீடுகளில் தமிழில் வணக்கம் சொன்ன பிறகே கதவு முழுதாகத் திறந்தது. பிரசாரம் ஒன்பது நாளில் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வேலைதான் முடிவதே இல்லை.

வேலை செய்து களைத்துப்போய், வார இறுதியில் இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போய்வருவதோடு நிறுத்திக்கொள்ளும் புதுக் குடிமக்களை நிறையப் பார்க்கிறேன். ‘நமக்கெதுக்கு அரசியல்’ என்பார்கள். கடிதம் எழுதும் அளவுக்கு ஆங்கிலம், பெரியவர்களிடம் பேசத் தமிழ், வாரத்தில் ஒரு மாலை. கேட்பது இவ்வளவுதான். எங்கள் கிளையில் தமிழுக்கு இப்போது அந்த அக்காவும் நானும் இருக்கிறோம். தீபாவளியை ஒட்டி இருவருமே ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்குள் மூன்றாவதாக ஒருவர் வந்து வேலை பழகிக்கொண்டால் நல்லது.