ஸ்டோரு டீம்

எங்கள் தோட்டத்தில் ஒரு காலத்தில் இரண்டு ஃபுட்போல் டீம் இருந்தது. மலையில் கொழுந்து வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று, தேயிலை ஸ்டோருக்கு, அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஒன்று. அப்பா ஸ்டோரு டீமில் பேக்.

ஸ்டோரு டீம் எப்போது விளையாடலாம் என்பதைக் கொழுந்துதான் சொல்லும். இலங்கை மலைநாட்டில் எங்கள் டிக்கோயா பக்கம் தை, மாசியில் பனியும் வெயிலுமாகக் கொழுந்து குறையும். அப்போது பின்னேரங்களில் மேட்ச். சித்திரை மழை விழுந்ததும் கொழுந்து கொட்டும். இரவு முழுக்க வாட்டியதை நேரத்துக்கு ரோலரில் போடாவிட்டால் தேயிலை கெட்டுவிடும். பாதி டீம் இரவு வேலையில் நிற்கும். மைதானமும் சரிவு. மேல் பக்கம் ஆடுகிற டீமுக்குப் பாதி கோல் இலவசம் என்பார் அப்பா.

லண்டனில் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் கொம்பனி 1895இல் தொடங்கிய டீம் 1900இல் கலைந்து, வெஸ்ட் ஹாம் யுனைடெட் என்ற ஃபுட்போல் கிளப்பாக எழுந்தது. எங்கள் டீம் எப்படி எழும்? மைதானம் தோட்டத்துடையது, பந்து தோட்டத்து மனேஜர் துரை வாங்கித் தந்தது, படுக்கிற லயக் காம்பராவும், அதாவது வரிசை வீட்டு அறையும், தோட்டத்துடையது. வேலையை விட்டால் எல்லாம் போச்சு.

1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஜேர்ஸிக்குக் காசு வருவது நின்றது. அதைக்கூடச் சமாளித்திருப்பார்கள். ஆட்களே போனதைத்தான் சமாளிக்க முடியவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எங்கள் டீமை யாரும் சரிபாதியாகப் பிரிக்கவில்லை. கோல்கீப்பர் மாமா குடும்பத்தோடு கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குக் கோச்சி (ரயில்) ஏறினார். ராமேஸ்வரம் போய், கடைசியில் நீலகிரி கூடலூரில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துதான். அடுத்து இரண்டு ஃபோர்வார்ட். மலை டீமிலும் அதே கதை. கொஞ்ச நாள் இரண்டு டீமையும் சேர்த்து ஒன்றாக ஆடினார்கள். எதிர்த்து ஆட ஆளில்லாமல் அதுவும் நின்றது.

இப்போதும் லயத்துப் பையன்கள் ஆடுகிறார்கள். பாதிப் பேர் கொழும்பில் கடை வேலை என்பதால் தீபாவளிக்கு வந்தால்தான் பதினொரு பேர் தேறும். ஸ்டோரை மூடி வருஷக்கணக்காகிறது. கொழுந்து லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது.