முத்திரை இருந்தது, பெயர் இல்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மெடிக்கல் லேபரட்டரி சயின்ஸ் 4 வருடம் முடித்து, மருத்துவத் துறைப் பணியாளர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்.பி.சி.எஸ்.ஏ.வில் மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் பதிவும் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. கல்லூரியில் சேர சி.ஏ.ஓ. என்ற பொது விண்ணப்ப அலுவலகத்துக்குப் போட்ட விண்ணப்பம், தேர்வுகள் எதுவும் இவ்வளவு படுத்தவில்லை. உயிரை வாங்கியது ஒரு ரப்பர் முத்திரை.

பதிவு விண்ணப்பத்துக்காக அடையாள அட்டை நகலுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் சான்று வாங்கி அனுப்பினேன், திருப்பிவிட்டார்கள். முத்திரை, கையெழுத்து இரண்டும் இருந்தன. போட்டவரின் பெயரும் பதவியும் இல்லை. அடுத்த முறை சான்று வாங்கிய நகலையே ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன், அதுவும் செல்லாது. அசலைப் பார்த்துத்தான் சான்று தர வேண்டும். தேதி 3 மாதத்தைத் தாண்டிவிட்டால் பல அலுவலகங்கள் தொடவே மாட்டார்கள். கவுண்டரை விட்டு நகருமுன் பெயர், பதவி, தேதி, கையெழுத்து நான்கையும் பாருங்கள். ஸ்டேஷனில் இதற்குக் காசு கிடையாது, நாலைந்து செட்டாக வாங்கிவிடுங்கள்.

சேருமுன்பே சிலர் சறுக்குகிறார்கள். பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ படித்தால் லேபில் டெக்னாலஜிஸ்ட் ஆகிவிடலாம் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டத்தை மட்டும் வைத்து இந்தப் பதிவு கிடைக்காது. ஹெச்.பி.சி.எஸ்.ஏ. அங்கீகரித்த பட்டம்தானா என்று முதலில் கேளுங்கள். பள்ளியில் கணக்குக்குப் பதில் மேத்தமேட்டிக்கல் லிட்டரசி என்ற எளிய அன்றாடக் கணக்குப் பாடம் எடுத்தவர்களுக்குக் கதவு அங்கேயே சாத்திவிடும்.

ஹெப்படைட்டிஸ் பி ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. ஜனவரியில் தொடங்கினால் ஜூலையில்தான் முடியும். அதன்பின் ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் அளவு மி.லி.க்கு 10 மில்லி யூனிட்டைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்காம் ஆண்டில் லேபுக்குப் போகும்போது ஞாபகம் வந்து பயனில்லை.

லேபில் பாதித் தப்பு கருவியில் நடப்பதில்லை, குழாயில் நடக்கிறது. நீல மூடிக் குழாயில் 9 பங்கு ரத்தத்துக்கு, அது உறையாமல் தடுக்கும் சிட்ரேட் 1 பங்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பொய்யாக ஏறும். ஊதா மூடிக் குழாயில் அதே உறைதடுப்பு வேலையைச் செய்யும் ஈ.டி.டி.ஏ. மற்றொரு குழாயில் கலந்தால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் விழும். இந்த ஜோடியைப் பார்த்தால் நோயாளியைச் சந்தேகிக்காதீர்கள், குழாயைச் சந்தேகியுங்கள். பயிற்சி வேலைகளைக் குறித்து வைக்கும் லாக்புக்கில் மேற்பார்வையாளர் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள். அவர் ஷிப்ட் மாறிவிட்டால் பின்னாலேயே அலைய வேண்டும், நான் அலைந்தேன்.

வேலைக்கு, அரசு மருத்துவமனை மாதிரிகளைப் பரிசோதிக்கும் தேசிய லேப் அமைப்பான என்.ஹெச்.எல்.எஸ்., தனியார் லேப்கள், ரத்த வங்கி, ஆராய்ச்சிக் கூடங்கள் எனப் பல வாசல்கள் உண்டு. டிபி, எச்.ஐ.வி. வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸ் அளவு) பரிசோதனைகள் இங்கே மலைபோலக் குவிவதால், கிருமியை அதன் மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் ஜீன்எக்ஸ்பர்ட் மாதிரியான கருவிகளில் கை பழகியிருந்தால் நேர்முகத் தேர்வில் பேச விஷயம் இருக்கும்.

சம்பளம் வரத் தொடங்கியதும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. ஆண்டுக் கட்டணத்தை மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் 1 கெடு. கட்டாமல் விட்டால் பதிவை இடைநிறுத்துவார்கள். அப்புறம் மறுபடி படிவம், மறுபடி அந்த ரப்பர் முத்திரை.