தெரியாமலே மேடை ஏறியவர்கள்

கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று தம்பிமார் கேட்டார்கள். விடுதிச் சாப்பாடு, அதிபரின் பிரம்பு, பிக் மாட்ச் எல்லாம் எழுத என் வகுப்புக்காரரே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ‘பைலன்’ என்ற ஒரு அமெரிக்க றொக் இசைக்குழுவைப் பற்றி எழுதப்போகிறேன். அதற்கும் நம் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சங்கீத வகுப்புத்தான். ஆரம்பப் பாடமான சரளி வரிசையே கைக்கு வராதவனை எங்கள் சங்கீத ஆசிரியர் மண்டபத்து மேடைப் படியிலேயே கால்வைக்க விடமாட்டார். வருடக்கணக்காக வயலின் பழகியும் நான் ஒரு பரிசளிப்பு விழாவில்கூட வாசித்ததில்லை. அவரில் எனக்குக் குறையில்லை; அந்தக் காலத்தில் அது எல்லாருக்கும் பொதுவான விதி.

அப்படி வளர்ந்தவன், பேராதனையில் விவசாயம் முடித்துவிட்டு 1981இல் மேற்படிப்புக்குப் போய் இறங்கியது அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்து ஏதென்ஸில். பல்கலைக்கழகத்தை நம்பிப் பிழைக்கும் சின்ன ஊர். சனிக்கிழமையில் அமெரிக்கக் கால்பந்து, ஞாயிற்றுக்கிழமையில் தேவாலயம். ஆனால் எங்கள் ஆய்வுகூடத்துப் பெடியன் ஒருவன் வாயைத் திறந்தால் இந்தப் ‘பைலன்’ குழுவின் கதைதான். அவர்களுடைய தொடக்கக் கதையைக் கேட்டபோது எங்கள் ஆசிரியர் இதைக் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார் என்று நினைத்தேன்.

றண்டி பியூலியும் மைக்கல் லச்சோவ்ஸ்கியும் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை படித்தவர்கள். 1978இல் பியூலி கிற்றாரும் லச்சோவ்ஸ்கி பேஸ் கிற்றாரும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது. முறைப்படி சுருதி சேர்க்கக்கூடத் தெரியாத பியூலி, தன் காதுக்குப் பிடித்த மாதிரி நரம்புகளை முறுக்கிவைத்துக்கொண்டார். கடைசிவரைக்கும் அந்தக் கிற்றார் வேறு யாருடையதையும் போல ஒலிக்காததற்கு அதுதான் காரணம். கொலிஜ் அவெனியூ என்ற தெருவில் ஒரு பழைய கட்டடத்தில் அறையெடுத்து, தெரிந்த இரண்டொரு துண்டுகளையே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மேலே குடியிருந்த கேர்ட்டிஸ் குரோ இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்காமல் இறங்கி வந்தார். சண்டைக்கு இல்லை, ட்றம்ஸ் வாசிக்க. அதே குரோவின் மாடியில் ஒற்றை 40 வாற் மின்குமிழைத் தொங்கவிட்டு நடந்த விருந்துகளிலிருந்துதான் ‘40 வாற் கிளப்’ பிறந்தது. இன்றைக்கும் அது ஏதென்ஸில் நடக்கிறது.

பாடுவதற்கு ஆள் இல்லை. கிளிக்குப் பேச்சுப் பழக்க விற்கும் இசைத்தட்டைப் போட்டுப் பார்த்தார்களாம்! சரிவரவில்லை. அப்புறம்தான் வனெசா பிரிஸ்கோ வந்தார். அவரும் ஓவியக்கலை மாணவி; சிலகாலம் டூபொன்ட் நைலோன் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர். 1979 பெப்ரவரியில் சேர்ந்தார், மார்ச்சில் முதல் நிகழ்ச்சி.

அவர்கள் வைத்திருந்த திட்டம்தான் எனக்கு மிகப் பிடித்தது. நியூயோர்க் போய் ஒருதரம் வாசிக்க வேண்டும், அங்கத்தைய இசைப் பத்திரிகையில் நாலு வரி வரவேண்டும், பிறகு கலைந்துவிட வேண்டும். அவ்வளவுதான் இலட்சியம். ஏதென்ஸிலிருந்து ஏற்கெனவே பெயரெடுத்திருந்த பி-52ஸ் குழுவினர் சிபாரிசு செய்தார்கள். அதே 1979இல் மன்ஹாட்டனின் ‘ஹுறா’ என்ற கிளப்பில், இங்கிலாந்தின் காங் ஒஃப் ஃபோர் குழுவுக்கு முன்னால் மேடை ஏறினார்கள். பத்திரிகையிலும் அவர்களைப் பற்றி எழுதினார்கள். திட்டப்படி பார்த்தால் கடை அன்றே மூடியிருக்க வேண்டும். சுவாரசியம் விடவில்லை. அற்லாண்டாவில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டானி பியர்ட் ‘கூல்’ என்ற சிறு தட்டையும், 1980இல் தன் ‘டிபி’ நிறுவனத்தில் ‘ஜைரேட்’ என்ற முதல் நெடுந்தட்டையும் வெளியிட்டார்.

நான் அவர்களை நேரில் பார்த்தபோது பழக்கமில்லாத காதுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பேஸ் ஒரே இடத்தில் நின்று இடித்துக்கொண்டிருக்கும். கிற்றார் அதற்கு மேலே கீறிக்கீறிப் போகும். வனெசா பாடுவார், திடீரென்று உறுமுவார், கத்துவார், ஆடுவார். ஒப்பனையும் இல்லை, பளபளப்பும் இல்லை. கடைக்குப் போகிற சட்டைதான். ராகத்தைத் தேடுவதை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்த பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. இவர்களுக்குத் தாளத்தில் பிசகே இல்லை. கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்குக் காது கொடுத்த எவருக்கும் குரோவின் கை பிடித்துப்போகும்.

1983இல் ‘சோம்ப்’ வந்தது. நல்ல தட்டுத்தான், ஆனாலும் முதலாவதின் முரட்டுத்தனம் அதில் கொஞ்சம் குறைவு. அந்த வருடம் யூ2 குழுவுக்கு முன்னால் சில நிகழ்ச்சிகள் வாசித்தார்கள். மற்றவர்கள் தவம் கிடக்கும் வாய்ப்பு. இவர்களுக்கோ அது உத்தியோகம் மாதிரித் தெரிய ஆரம்பித்தது. கலைவதென்று முடிவெடுத்தார்கள்.

1983 டிசம்பர் 1, ‘மட் ஹட்டர்’ என்ற இடத்தில் கடைசி நிகழ்ச்சி. இலங்கையில் ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எனக்கு ஒன்றிலும் மனம் இல்லை. ஊர்க் கடிதம் வந்ததா என்று தபால்பெட்டியைப் பார்ப்பதே வேலை. ஆய்வுகூடப் பெடியன்தான் இழுத்துக்கொண்டு போனான். சனம் நிரம்பி வழிந்தது. மேடையில் அழுகையோ உரையோ இல்லை. அன்று மாலை எனக்கு எல்லாவற்றையும் கொஞ்சநேரம் மறக்க முடிந்தது. அந்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு பின்னாளில் இசைத்தட்டாகவே வந்திருக்கிறது.

இவர்களுக்குப் பின்னால் அதே ஊரில் தொடங்கிய ஆர்.ஈ.எம். என்ற குழு உலகப் பெயர் எடுத்தது உங்களுக்குத் தெரியும். அவர்கள் பைலனின் ‘கிரேஸி’ பாட்டைத் தாங்களும் பாடிப் பதிந்தார்கள். 1987இல் ‘றோலிங் ஸ்டோன்’ இசைப் பத்திரிகை ஆர்.ஈ.எம். குழுவை அமெரிக்காவின் தலைசிறந்த றொக் குழு என்றபோது, அவர்களுடைய ட்றம்ஸ்காரர் பில் பெரி அந்தப் பட்டம் பைலனுக்கே உரியது என்றார். பைலன் பிறகு மீண்டும் கூடி 1990இல் ஒரு தட்டுப் போட்டார்கள், மீண்டும் பிரிந்தார்கள். பியூலி 2009இல் காலமானார்.

2020இல் முதல் இரண்டு நெடுந்தட்டுகளையும் வேறு பதிவுகளையும் சேர்த்து நாலு இசைத்தட்டுகளும் ஒரு பெரிய புத்தகமுமாகப் பெட்டியாக வெளியிட்டார்கள். விலை கொஞ்சம் கூட. கேட்டுப் பார்க்க நினைப்பவர்கள் ‘ஜைரேட்’டில் தொடங்குங்கள். வீட்டில் மற்றவர்கள் இல்லாத நேரம் நல்லது. என் மனைவி இன்றுவரை இதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ளவில்லை.