அண்ணன் கொடுத்தது

ஏப்ரல் 22
நாளை அண்ணனுக்கு மூளைக்கட்டி அறுவைச் சிகிச்சை. கடைசிப் படிவம்: பரிசோதனை போக மீதமாகும் கட்டித் திசுவை ஆராய்ச்சிக்கான திசு வங்கிக்குத் தர சம்மதமா? வங்கிக்குப் பணம் தருவது ஒரு தொண்டு அமைப்பு. நான் தயங்குவதற்குள் அண்ணன் பேனாவை வாங்கிவிட்டார். இடது கையால் தாளை அழுத்த முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 23
ஐந்தரை மணி நேரம். கண் திறந்தார்.

மே 4
கிளியோபிளாஸ்டோமா. மூளைப் புற்றுநோய்களில் மிகக் கொடியது.

மே 5
தூக்கமில்லை. கதிர்வீச்சு, கூடவே டெமோசோலமைடு மாத்திரை. 2005-இல் வெளியான ஆய்வு காட்டிய வழி, இன்றும் அதேதான். அந்த ஆய்வில், பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 ஆனது. இரண்டரை மாதம்! அதற்குப் பிறகு இத்தனை வருடம் என்ன செய்தார்கள் என்று சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைப் பெரும்பாலான மருந்துகள் தாண்டுவதில்லை. நோயாளிகளும் குறைவு, நிறுவனங்கள் ஏன் முதல் போடப் போகின்றன? பலன் தருமா என்றே தெரியாத ஆரம்பச் சோதனைகளுக்குப் பல இடங்களில் இந்தத் தொண்டு அமைப்புகள்தான் கைகொடுக்கின்றன. உண்டியல் குலுக்கியும் ஓட்டப்பந்தயம் ஓடியும் சேர்த்த காசு. அதில் பாதிப்பேர் யாரையோ பறிகொடுத்தவர்களாக இருப்பார்கள்.

மே 11
வலிப்பு. முதலில் இடது வாயோரம் துடித்தது, பிறகு கை. தொண்டு அமைப்பின் உதவி எண்ணில் பேசிய பெண் போன வாரம் சொன்னதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். 40 நொடி. அந்தப் பெண்ணின் கணவருக்கும் இதே நோய்தானாம். "இருந்தார்" என்றுதான் சொன்னார். மேலே கேட்கவில்லை.

மே 13
அந்தத் திசு எங்கே இருக்கும்? உறைநிலைக்கும் எவ்வளவோ கீழே, ஒரு சின்னக் குப்பியில், பெயருக்குப் பதில் ஓர் எண்ணோடு.

மே 28
கதிர்வீச்சின்போது தலை அசையாமலிருக்க முகமூடி செய்தார்கள். சூடான பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்து அழுத்தினார்கள். கழற்றியபோது நெற்றியெல்லாம் கட்டம் கட்டமாகத் தடம்.

ஜூன் 1
கதிர்வீச்சு, 30-இல் 1.

ஜூன் 5
அண்ணியிடம் கத்தினார். இப்படி ஒருநாளும் பேசியதில்லை. மூளை வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டு இப்படிச் செய்யக்கூடும் என்று குடும்பத்தாருக்கான கையேட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அண்ணியிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார். 30-இல் 5.

ஜூன் 8
உலக மூளைக்கட்டி தினம். 2000-இல் ஜெர்மனியின் அமைப்பு ஒன்று தொடங்கியதாம். சாம்பல் நிற ரிப்பனை அண்ணன் தானே சட்டையில் குத்திக்கொண்டார், வலது கையால். முகத்தில் வலைத்தடம் இன்னும் மறையவில்லை. வரும் வழியில் கேட்டார்: "நான் கொடுத்ததை யாராவது எடுத்துப் பார்த்திருப்பார்களா?"

ஜூன் 9
உதவி எண்ணில் கேட்டேன். வங்கியில் விசாரித்து மாலை கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.