அண்டாவின் நடுவில்

மதியச் சாப்பாடு முடிந்து, அண்டாக்களைக் கவிழ்த்து, தரையைக் கழுவித் தள்ளிய பிறகு மூன்றரை மணிக்கு ஒரு டீ வரும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் நான் இருந்தது நாலு வருஷம். அந்த வேலையைப் பற்றி உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் அந்த டீ நேரத்தில்தான். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, கையில் தெர்மாமீட்டரும் செக்லிஸ்ட்டுமாகப் போய் நின்றவள் நான். மாஸ்டருக்கு 'பாப்பா', மற்றவர்களுக்கு 'மேடம்'.

பேச்சு எங்கே தொடங்கினாலும் கறியில்தான் வந்து நிற்கும். உடும்புக்கறி தின்றால் முதுகுவலி பறந்துபோகும் என்பார் காய்கறி வண்டி டிரைவர். அது வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை, வேட்டையாடி மாட்டினால் குறைந்தது மூன்று வருஷம் உள்ளே என்று நான் சொன்னதும், "நான் எங்கம்மா தின்னேன், எங்க தாத்தா தின்னாரு" என்று நழுவுவார். மயூர்பஞ்சிலிருந்து வந்திருந்த ஒடிசாப் பையன், செவ்வெறும்பைப் பூண்டு, இஞ்சி, மிளகாயோடு அரைக்கும் சட்னியைச் சப்புக்கொட்டிக்கொண்டு விவரிப்பான். எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது என்று படித்தபோது அவன் நம்பரைத் தேடினேன். பழைய போனோடு போய்விட்டிருந்தது.

பாத்திரம் கழுவும் பிரிவில் மதுராந்தகம் பக்கத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி இருந்தான். அதிகம் பேசமாட்டான். ஒருநாள் யாரோ சீண்டப்போய், அறுவடை முடிந்த வயலில் எலி பிடிப்பதைச் சொன்னான். வளையின் ஒரு வாயில் பானையை வைத்து வைக்கோல் புகையை ஊதுவது, எலி வேறு வாய் வழியாக ஓடிவருவது, வளைக்குள் அது சேர்த்து வைத்த நெல்லையும் தோண்டி எடுப்பது. "பிடிச்சதும் தீயில வாட்டி, முடியச் சுரண்டி, குடல எடுத்துட்டு உடனே அடுப்புல ஏத்திடுவோம். மறுநாளைக்குன்னு வைக்கிறதெல்லாம் இல்ல மேடம். வைக்கிறதுக்கு ஃப்ரிட்ஜா இருக்கு?"

சிரிப்புத்தான் எழுந்தது. நானும் சிரித்தேன். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரால் வருவது, வெந்த கறியைவிடப் பிடிக்கும்போதும் அறுக்கும்போதும்தான் கையில் கவனம் வேண்டும் என்று ஒரு வகுப்பும் எடுத்தேன். அவன் தலையாட்டினான். அவன் சொன்னதில் முக்கியமான வரி எது என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் ஜோத்பூர் ரயிலில் வந்த 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியைப் பிடித்தார்கள். வால் நீளமாக இருந்ததைப் பார்த்து நாய்க்கறி என்று கிளம்பிய பேச்சு, வாட்ஸ்அப்பில் ஒரே ராத்திரியில் ஊரைச் சுற்றிவிட்டது. எங்கள் கேன்டீனில் புதன்கிழமை மட்டன் பிரியாணி அப்படியே மிஞ்சியது. ஷிப்ட் ஆட்கள் தட்டில் எலும்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரிச் சோதனையில் ஆட்டிறைச்சிதான் என்று முடிவு வந்தது. அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மாஸ்டர் அந்த மாதம் முழுக்க முட்டை பிரியாணி போட்டார்.

என்ன மிருகம் என்று ஊரே கேட்டது. ராஜஸ்தானிலிருந்து சென்னைக்கு ரயிலில் எப்படியும் ஒன்றரை, இரண்டு நாள் ஆகும். அவ்வளவு நேரம் அந்தக் கறி எந்தக் குளிரில் இருந்தது என்று எங்கள் டீ வட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான். நானும் வாலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து எங்களுக்கு வந்தது. நாயும் இல்லை, எலியும் இல்லை. சாதாரணக் கோழிக் குழம்பு. இரவு ஷிப்டுக்குச் செய்தது பாதிக்கு மேல் மிஞ்ச, அண்டாவோடு மூடி போட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். காலையில் லேசாகச் சூடு பண்ணிப் பரோட்டாவுக்கு ஊற்றினார்கள். அன்று மாலையிலிருந்து வயிற்றை முறுக்கிப் பிடிக்கிறது, பேதி என்று ஒவ்வொருவராக முதலுதவி அறைக்கு வந்தார்கள். வாந்தி, காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. மறுநாளே பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். நிர்வாகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதித் தேறாதவள் நான்.

"ராத்திரி கொதிக்கத்தானே வச்சோம் பாப்பா, எல்லாம் செத்திருக்குமே" என்றார் மாஸ்டர். உண்மையாகவே புரியாமல் கேட்டார். அடுத்த வாரம் அதே அளவு அண்டாவில் குழம்பைக் கொதிக்க வைத்து, மூடி, ராத்திரி முழுக்க விட்டோம். காலை ஆறு மணிக்குக் குழம்பின் மேற்பரப்பில் தெர்மாமீட்டரை விட்டால் 34 டிகிரி. கம்பியை நடுவே ஆழத்தில் இறக்கினால் 43. மாஸ்டர் நம்பாமல் நீளக் கரண்டியை விட்டு அடியிலிருந்து மொண்டு புறங்கையில் ஊற்றிப் பார்த்தார். "அட, குளிக்கிற தண்ணி மாதிரி இருக்கே."

அந்தச் சூடுதான் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்ஜென்ஸ் என்ற பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். வாய்ப்பான சூட்டில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். முதல் கொதியில் செடி மாதிரி அந்தக் கிருமி செத்தாலும் அதன் விதை சாவதில்லை, ஆறும்போது முளைக்கிறது, காற்றுப் புகாத கெட்டிக் குழம்பின் நடுப்பகுதிதான் அதற்கு நல்ல நிலம் என்று சொன்னேன். மாஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பழைய சோறு?" நல்ல கேள்வி. அதில் தண்ணீர் ஊற்றிச் சோறு ஆறிவிடுகிறது, பிறகு ஏறும் புளிப்பு கெட்டதுகளை அடக்குகிறது. அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் வெறும் சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது. பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா கக்கிவைத்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து மிஞ்சிய குழம்பு இரண்டு அங்குல ஆழத் தட்டுகளில் பரவியது. இரண்டு மணி நேரத்தில் 60 டிகிரியிலிருந்து 21, அடுத்த நாலு மணி நேரத்தில் 5. செக்லிஸ்ட்டில் நான் வந்த நாளிலிருந்தே இருந்த வரிதான். நானே தினமும் டிக் அடித்திருக்கிறேன்.

அந்தத் தட்டுகளைக் கழுவும் வேலை மதுராந்தகத்துத் தம்பி தலையில் விழுந்தது. ஒரு அண்டாவுக்குப் பதில் பதினாறு தட்டு. "மறுநாளைக்கு வைக்காம இருந்தா இந்த வேலையே இல்ல மேடம்" என்றான், தேய்த்துக்கொண்டே. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் அவன் பேப்பர் பொட்டலத்தோடு வந்தான். ஈசல். இறகு உதிர்த்து, பொரியரிசியும் பொட்டுக்கடலையும் காரமும் சேர்த்து வறுத்தது. ஒடிசாப் பையன் முதலில் கை நீட்டினான். மாஸ்டர் பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தார்.

"எப்ப வறுத்தது?"

"நேத்து ராத்திரிண்ணே."

"சூட்டோட மூடிட்டியா, ஆற வச்சியா?"

"மொறத்துல பரப்பி ஆற வச்சோம்."

ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். மொறுக்கென்று உடைந்தது. "சரியாத்தான் பண்ணிருக்கான்" என்றபடி பொட்டலத்தை அப்படியே என் கையில் வைத்தார்.

"நீங்க?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை பாப்பா."