ஸ்ட்ரோக் எனக்குத் தலைகீழ்ப் பாடம்

பிசியோதெரபி படிக்கும்போது நியூரோ பேப்பரில் ஸ்ட்ரோக் (பக்கவாதம்) எனக்குத் தலைகீழ்ப் பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ரத்தக் குழாய் அடைப்பில் ஆரம்பித்து செல் சாவது வரை பன்னிரண்டு அம்புக்குறியையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன். அந்தத் தைரியத்தில்தான் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். வெளியிலிருந்து தேர்வாளராக (எக்ஸ்டர்னல்) வந்த சார் டீயை ஆற்றிக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்டார்: "செல் செத்ததால பேச்சு நின்னுச்சா, பேச்சு நின்ன பிறகு செல் செத்துச்சா?"

அவர் கேட்டது நோயாளியின் பேச்சை இல்லை, நியூரான்கள் என்ற நரம்பு செல்கள் தங்களுக்குள் சினாப்ஸ் என்ற இணைப்பு வழியாகப் பேசிக்கொள்வதை. நான் முதல் அம்புக்குறியிலிருந்து ஆரம்பித்தேன். "அதை நான் கேக்கலையேப்பா" என்றார். "செத்ததாலதான் சார்" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை அனுப்பச் சொன்னார். அந்தச் "சரி"க்கு என்ன அர்த்தம் என்று ரிசல்ட் வந்தபோது தெரிந்தது. சப்ளி, அதாவது ஃபெயில், மறுபடி தேர்வு.

பேச்சு நிற்பதுதான் முதலில் நடக்கிறது, சாவு அதற்கு அப்புறம். இந்த ஒன்று மண்டையில் ஏறிவிட்டால் மீதிப் பாடம் தானாக வரிசையில் வந்து நிற்கும். ஜூனியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஃப்ளோசார்ட்டை ஒரு வாரத்துக்கு மடித்து வைத்துவிட்டு மூன்று எண்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: 50, 20, 10. சாதாரணமாக 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லி ரத்தம் போகிறது. அது ஏறக்குறைய 20க்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தில் மின் செயல்பாடு அடங்கிவிடும், ஆனால் செல் உயிரோடுதான் இருக்கும். சுமார் 10க்குக் கீழே போனால்தான் செல் சவ்வு காக்கும் உப்புக் கணக்கே குலைந்து, பொட்டாசியம் வெளியே கொட்டி, சோடியமும் கால்சியமும் உள்ளே பாய்கின்றன. இந்த 20க்கும் 10க்கும் நடுவில் ஊமையாக, ஆனால் உயிரோடு கிடக்கும் பகுதிதான் பெனம்ப்ரா. பள்ளிக்கூடத்தில் கிரகணப் பாடத்தில் படித்தோமே புறநிழல், அதே வார்த்தைதான். நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதும், பொருத்தமான சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் விட்டுக் கட்டியை எடுப்பதும் இந்தப் பகுதியைக் காப்பாற்றத்தான். செத்துப்போன மையத்தை யாரும் எழுப்ப முடியாது.

ஏன் பேச்சு முதலில் நிற்கிறது? வீட்டில் பணம் இல்லாதபோது முதலில் நிற்பது போன் ரீசார்ஜ்தானே, அரிசி வாங்குவது கடைசி வரைக்கும் நிற்காது. மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது, அதில் பெரும்பங்கு இந்தப் பேச்சுவார்த்தைச் செலவு. இதில் செல்லே ஒரு சிக்கன வேலையும் செய்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. உடையும்போது வரும் அடினோசின் என்ற பொருள், பேசும் முனையில் போய் உட்கார்ந்து, நியூரான்கள் பேசப் பயன்படுத்தும் ரசாயனமான குளுட்டமேட் வெளியாவதைக் குறைத்துவிடுகிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான். பெரும்பாலான நோட்ஸில் ஒரு வரிகூட இருக்காது.

மௌனத்துக்கு அடுத்து வருவது கூச்சல். உப்புக் கணக்கைக் காக்கும் பம்ப் நின்றதும் செல் டிபோலரைஸ் ஆகி, அதாவது சவ்வின் மின்னழுத்தம் சரிந்து, கையில் வைத்திருக்கும் குளுட்டமேட்டையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது. சாதாரண நாளில் அதை உடனே வாரி எடுக்கிற வேலை பக்கத்தில் இருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணை செல்லுக்கு, ஆனால் அதுவும் சோடியம் ஏற்றத்தாழ்வை நம்பித்தான் ஓடுகிறது என்பதால் இப்போது வாருவதை விட்டுவிட்டுத் தானும் திருப்பிக் கொட்ட ஆரம்பித்துவிடும். எதிரே குளுட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் என்.எம்.டி.ஏ. ரிசெப்டரின் வாயில் ஒரு மக்னீசியம் அடைப்பான் இருக்கும், செல் டிபோலரைஸ் ஆனதும் அது கழன்றுவிடும், கால்சியம் மடை திறந்த மாதிரி உள்ளே போய்ப் புரதம் வெட்டும் என்சைம்களையெல்லாம் உசுப்பிவிடும். தூண்டல் அளவு மீறி விஷமாகிவிடும் இதற்கு எக்சைட்டோடாக்சிசிட்டி என்று பெயர் வைத்தவர் ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர். 1969இல் அவர் குட்டி எலிகளுக்கு ஊசியில் ஏற்றியது மோனோசோடியம் குளுட்டமேட், அதாவது நம் ஃப்ரைடு ரைஸ் கடை அஜினோமோட்டோ. உடனே பயந்துவிட வேண்டாம், சாப்பாட்டில் வருவதைப் பெரும்பாலும் குடலே செலவழித்துவிடுகிறது. எனக்கு இது ஞாபகம் நின்றதற்குக் காரணம் ஹாஸ்டல் எதிரே இருந்த கடை, அவ்வளவுதான்.

கூச்சல் அந்த இடத்தோடு நிற்பதும் இல்லை. டிபோலரைசேஷன் அலையாகப் பரவுகிறது, நிமிடத்துக்கு 2 முதல் 5 மில்லிமீட்டர் வேகத்தில். முயல் மூளையில் இப்படி ஓர் அலையை லியாவோ என்ற பிரேசில்காரர் 1944இலேயே எழுதிவிட்டார். ஒவ்வொரு அலையும் பெனம்ப்ராவிடம் மிச்சமிருக்கும் கொஞ்ச ஏ.டி.பி.யையும் பறித்துக்கொண்டு போகும். அதனால்தான் பெனம்ப்ரா மெல்ல மெல்ல மையத்தோடு சேர்ந்துவிடுகிறது.

இங்கே கட்டாயம் ஒரு கிளைக் கேள்வி வரும்: அப்படியானால் குளுட்டமேட் ரிசெப்டரை அடைத்துவிட்டால் போதுமே? எலிகளில் அழகாக வேலை செய்தது, மனிதர்களிடம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றது. நோயாளி வந்து சேர்வதற்குள் கூச்சல் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும் என்பது ஒன்று, அதே ரிசெப்டர்தான் ஆரோக்கியமான செல்கள் பேசவும் பிழைக்கவும் வேண்டியிருக்கிறது என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எழுதினாலே போதும், மருந்துப் பெயர்ப் பட்டியல் தேவையில்லை.

பதிலை எண்ணோடு ஆரம்பிக்க ஆசைப்பட்டால், 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் மருத்துவர் போட்ட கணக்கை எழுதலாம். பெரிய ரத்தக் குழாய் அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் போனால் நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரானும் 1,400 கோடி சினாப்ஸும் அழிகின்றன. வகுத்துப் பாருங்கள், ஒரு நியூரான் போனால் ஏழாயிரத்துச் சொச்சம் பேச்சுத் தொடர்பு போகிறது. ஆனால் இது அடைப்பினால் வரும் ஸ்ட்ரோக்குக்கான கணக்கு, ரத்தக் கசிவு கேஸில் அப்படியே எழுதிவிடாதீர்கள்.

இப்போது வார்டு. போஸ்டிங்கில் எனக்கு வந்த ஒரு பெரியவர், வலது கை இரண்டாம் நாள் ஈரத் துணி மாதிரி தொளதொளவென்று கிடந்தது. (ஊரில் "கை கால் இழுத்துக்கிச்சு" என்கிறோம், ஆனால் பெரும்பாலும் முதலில் தளர்வுதான், இழுப்பு அப்புறம்தான் வரும்.) பத்தாம் நாள் காலையில் போர்வை நுனியைப் பிடிக்கப் பார்ப்பது போல நடு விரலும் மோதிர விரலும் லேசாக மடங்கின. நான் உடனே கேஸ் ஷீட்டில் நியூரோபிளாஸ்டிசிட்டி, அதாவது மூளை புது இணைப்பு போட்டுக்கொள்கிறது என்று எழுதினேன். அதுவும் தப்பு, அல்லது பாதித் தப்பு. இவ்வளவு சீக்கிரம் வருகிற முன்னேற்றத்தில் பெரும்பங்கு, ஊமையாக இருந்தவை மறுபடி வாய் திறப்பதுதான். பெனம்ப்ராவுக்கு ரத்தம் திரும்பியிருக்கலாம், வீக்கம் வடிந்திருக்கலாம், டயாஸ்கிசிஸ் விலகியிருக்கலாம். இந்த டயாஸ்கிசிஸ் 1914இல் ஃபான் மோனக்கோவ் என்ற நரம்பியலாளர் சொன்னது. அடிபட்ட இடத்தோடு வழக்கமாகப் பேசிக்கொண்டிருந்த தூரத்துப் பகுதியும், தனக்கு ஒரு காயமும் இல்லாமலே, கூப்பிட ஆள் இல்லாததால் அடங்கிப்போவது. பெருமூளையில் இடது பக்கம் அடைப்பு வந்தால் வலது சிறுமூளை மந்தமாவது இதற்கு நல்ல உதாரணம்.

புது இணைப்புகள் முளைப்பது வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நடக்கிற வேலை. அதுவும் அவசரப்படுத்தினால் நடப்பதில்லை. 2010இல் வந்த ஓர் எலி ஆய்வில், காயத்தைச் சுற்றியிருந்த செல்களில் காபா என்ற அடக்கும் ரசாயனத்தின் தடுப்பு அதிகமாக இருந்தது. அதைச் சில நாள் கழித்துக் குறைத்தபோது அசைவு நன்றாகத் திரும்பியது, மிகச் சீக்கிரமே குறைத்தபோது சேதம் கூடியது. பிசியோ மாணவர்கள் இதன் பக்கத்திலேயே 2015இன் அவெர்ட் ஆய்வையும் குறித்துக்கொள்ளுங்கள்: 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி நடமாட விட்டதில் பலன் குறைந்துதான் இருந்தது. "சீக்கிரம், நிறைய" என்று எழுதிப் பழகிய கைக்கு இது கொஞ்சம் கசக்கும்.

படித்த முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே சினாப்ஸை மூன்று பெட்டிகளில் வரைந்தேன், ரத்த ஓட்டம் 50, 15, 5. முதல் பெட்டியில் அளவான குளுட்டமேட், இரண்டாவதில் அடினோசினும் மௌனமும், மூன்றாவதில் வெள்ளம். பார்க்காமல் வரைய வரும் வரை பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கத்தில் வரைந்தேன், அப்புறம் அம்மாவிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். "அப்ப பெரியப்பாவுக்குக் கை வந்ததும் அதனாலயா?" என்று அம்மா கேட்டார். பெரியப்பாவுக்குக் கை வந்தது ஆறாவது மாதம். அது எந்தக் கணக்கில் வரும், ஊமையானவை வாய் திறந்ததா, புது இணைப்பு முளைத்ததா என்று யோசித்தபோதுதான் கடைசிப் பகுதி எனக்கே தெளிவாயிற்று.

சப்ளி வைவாவுக்கு மூன்று பெட்டியையும் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்குத் தயாராகப் போனேன். மேடம் கேட்டது பார்க்கின்சன் நடை. நடந்து காட்டச் சொன்னார், குனிந்து குட்டிக் குட்டி அடியாக வைத்துக் கதவு வரை போய்த் திரும்பி வந்தேன். பாஸ்.