நாற்பது அங்குலக் கால்வாய்ப் படகு: கட்டுமான நாட்குறிப்பு

மார்ச் 1, சனி

ரிமோட்டில் ஓடும் கால்வாய்ப் படகு மாதிரியின் அளவு முடிவாகிவிட்டது: 12க்கு 1. நிசப் படகின் ஓரடி, மாதிரியில் ஓரங்குலம். மட்டக்களப்பில் தச்சுப் பட்டறைகள் இன்னும் அடி, அங்குலத்தில்தான் பேசுகின்றன. ஆதலால் வரைபடத்தைக் கொடுத்தால் பலகை வெட்டுபவர் மறுகேள்வி கேட்கமாட்டார்.

இங்கிலாந்துக் கால்வாய்களின் 'நரோபோட்' என்னும் ஒடுங்கிய படகு எழுபதடி நீளம் வரை போகும், ஆனால் அகலம் 6 அடி 10 அங்குலத்தோடு நின்றுவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரின்ட்லி வகுத்த கால்வாய்களில் 'லொக்' என்னும் தொட்டிகள் ஏழடி அகலம். படகை உள்ளே நிறுத்தி, கதவை மூடி, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் தொட்டி அது. அந்த ஏழடிக்குள் புகுந்து வரவேண்டியே இந்தப் பென்சில் உடம்பு. இங்கே வாவியைக் கடக்கும் குருமண்வெளிப் பாதை என்னும் மிதவைப் படகும் தட்டையான அடிதான். ஆனால் அது வாகனம் ஏற்ற அகன்றது, இது வழி கிடைக்க ஒடுங்கியது.

நாங்கள் எடுத்தது நாற்பதடிப் படகு. மாதிரியில் 1016 மிமீ நீளம், 174 மிமீ அகலம், நீருக்குள் 50 மிமீ. எழுபதடியை எடுத்தால் 1.78 மீற்றர் வரும், ஓட்டோவில் ஏறாது.

மார்ச் 8, சனி

அடிப்பலகை 6 மிமீ மரைன் பிளைவூட், பக்கங்கள் 3 மிமீ. பக்க உயரம் 90 மிமீ.

முதல் வெட்டிலேயே பிழை. அடியை 168 மிமீ அகலத்துக்கு வெட்டி, இரு பக்கமும் 3 மிமீ சேர்த்தால் 174 சரியாக வருகிறது. ஆனால் வெளியே ஓடும் உரசல் பட்டி பக்கத்துக்கு 2 மிமீ. மொத்தம் 178. ஏழடி லொக் இந்த அளவில் 177.8 மிமீ! இது ஓடப்போகும் மட்டக்களப்பு வாவியில் லொக் இல்லைத்தான், என்றாலும் லொக்கில் சிக்கும் நரோபோட் நரோபோட் ஆகாது. அடியை 164க்குச் சீவினோம். உடம்பு 170, பட்டியோடு 174.

இனி எடைக் கணக்கு. 1016 × 170 × 50 என்றால் 8.64 லீற்றர். முன்னால் 120 மிமீயும் பின்னால் 200 மிமீயும் நீருக்குள் ஆப்பு வடிவில் ஒடுங்குவதால் 1.36 லீற்றர் கழியும். மிச்சம் 7.28. ஆகவே படகு ஏறத்தாழ 7.3 கிலோ இருந்தால்தான் சரியான கோட்டில் மிதக்கும். வேகப்படகு கட்டுபவர் கிராம் கிராமாகக் குறைப்பார். இதில் கிலோக் கணக்கில் ஏற்றவேண்டும், பாரமான பற்றரி இங்கே வரம்.

மார்ச் 15, சனி

அணியத்து (முன்முனை) வளைவு. 3 மிமீ பிளைவூட்டைக் காய்ந்தபடி வளைத்தால் 'டக்' என்று வெளித்தோல் பிளக்கும், பிளந்தது. வெளித்தோலின் நார் நீளவாக்கில் ஓடுவதுதான் காரணம். இரண்டாவது பலகையில், வளையும் பகுதியின் உட்புறத்தில் மட்டும் 6 மிமீக்கு ஒன்றாக, 1.5 மிமீ ஆழத்தில் மேலிருந்து கீழாகக் கோடுகள் அறுத்து, கொதிநீரில் நனைத்த சாக்கை வெளிப்புறத்தில் அரைமணி நேரம் சுற்றிவைத்தோம். பிறகு கையாலேயே வளைந்தது. இரவு முழுக்கக் கவ்வியில் விட்டு, காய்ந்த பிறகே ஒட்டவேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ரெசின் பிடிக்காது.

மார்ச் 23, ஞாயிறு

ஃபைபர் வள்ளம் திருத்தும் ஊர் என்பதால் ரெசினும், 'மட்' என்னும் கண்ணாடி நார் விரிப்பும் மீன்பிடிச் சாமான் கடையிலேயே கிடைக்கும். தடித்த மட் இதற்கு வேண்டாம், மெல்லிய நெய்த துணி போதும், வெளிப்புறம் ஒரு படை.

ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரின் அளவில் கவனம். குளிர்நாட்டுக் குறிப்புகள் நூற்றுக்கு இரண்டு என்கின்றன. இங்கே மதிய வெயிலில் ஒன்றரை போட்ட கலவையே கிண்ணத்தில் கட்டியாகிப் புகைந்தது. 100 கிராமுக்கு 1 கிராம், காலை எட்டு மணிக்கு முன், ஒருமுறைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காமல். முதற்பூச்சு மெல்லியதாக மரத்துக்குள் ஊறவேண்டும், அது பசைப்பதம் இருக்கும்போதே துணியை வைக்கவேண்டும். இறுகுவதை முடுக்கும் கோபால்ட் கலவாத ரெசின் கையில் வந்தால் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னர். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும்.

இன்னொன்று: உள்ளே மிதவைக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) வைப்பதானால் ரெசின் வேலை முழுதும் இறுகிய பிறகு. ஈர ரெசின் பட்ட ரெஜிபோம் சர்க்கரைபோலக் கரைகிறது.

மார்ச் 30, ஞாயிறு

பின்புறம்தான் இந்தப் படகின் மூளை. புரொப்பெலருக்கு மேலே உள்ள தட்டு நீர்மட்டத்துக்கு 4 மிமீ கீழே இருக்கவேண்டும். மேலே நின்றால் புரொப்பெலர் காற்றை உறிஞ்சும், சத்தம் வரும், தள்ளு வராது. தட்டுக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 46 மிமீ. ஆகவே 40 மிமீ பித்தளைப் புரொப்பெலர், மேலும் கீழும் 3 மிமீ இடைவெளி. புரொப்பெலரைச் சுழற்றும் தண்டான சாஃப்ட்டின் மையம் அடியிலிருந்து 23 மிமீ.

சாஃப்ட் 5 மிமீ ஸ்ரெயின்லெஸ் கம்பி, நுனியில் எம்5 மரை லேத்தில் வெட்டியது. அது 8 மிமீ பித்தளைக் குழாய்க்குள் ஓடுகிறது. சாஃப்ட் கிடையாகப் போவதால் குழாயின் உள்வாயும் நீர்மட்டத்துக்குக் கீழே. கிறீஸ் போனால் நீர் வரும். அதனால் குழாயின் நடுவில் ஒரு சிறு கிளைக்குழாய் பற்றவைத்தோம். வள்ளத்து இன்ஜினுக்குப் போடும் கிறீஸை ஊசிமருந்து சிரிஞ்சால் அதில் ஏற்றலாம். நிச நரோபோட்டிலும் நாள் ஓட்டம் முடிந்ததும் கிறீஸ் திருகியை ஒரு சுற்றுத் திருப்புவது வழக்கம்.

புரொப்பெலருக்கு நேர்மேலே 40 × 50 மிமீ ஓட்டை, அதைச் சுற்றி நீர்மட்டத்துக்கு மேல் 20 மிமீ எழும் பெட்டி, அதற்கொரு மூடி. பாசி எடுக்கும் வாசல் இது. மூடியின் அடியில் தொங்கும் தகடு தட்டோடு சமமாக அமரவேண்டும், பள்ளம் இருந்தால் அங்கே நீர் சுழலும். நிசப் படகுகளில் இந்த மூடியைச் சரியாகப் பூட்டாமல் ஓட்டி மூழ்கியவை உண்டு.

ஏப்ரல் 6, ஞாயிறு

775 வகை மோட்டர், 12 வோல்ட், பாரமில்லாமல் நிமிடத்துக்கு 4,500 சுற்று. நேராகப் பூட்டினால் மாதிரி அல்ல, மிக்சி. மோட்டரில் 20 பல்லுக் கப்பி, சாஃப்ட்டில் 40 பல்லு, முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு வரும் 6 மிமீ பல்லுப்பட்டி. சுற்று 2,250க்கு இறங்குகிறது. பட்டியை விரலால் அழுத்தினால் 3 மிமீ தாழவேண்டும். இறுக்கினால் சாஃப்ட்டைத் தாங்கும் வளையமான புஷ் தேயும்.

ஏப்ரல் 12, சனி

புத்தாண்டுக்குக் கடைகள் பூட்டப்போகின்றன. பெயின்ட் மட்டும் வாங்கியாயிற்று.

ஏப்ரல் 20, ஞாயிறு

மின்வேலை. யூ.பி.எஸ்ஸுக்குப் போடும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி மூடிய பற்றரி, சுமார் 2.1 கிலோ. படுக்கவைத்தால் உயரம் 65 மிமீ, கெபினுக்குக் கீழே அடங்கும்.

மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி வாங்கும்போது கார் வகையா என்று பாருங்கள். காரில் ரிவர்ஸ் இழுத்தால் முதலில் பிரேக், இரண்டாம் தரம் இழுத்தால்தான் பின்னோட்டம். படகுக்கு அது ஆபத்து. ஜம்பரை மாற்றி நேரடிப் பின்னோட்டத்துக்கு வைக்கமுடிந்தால் நல்லது.

பற்றரிக் கம்பியில் வாகன ஃபியூஸ், கபில நிற 7.5 அம்பியர். மோட்டரின் மின் இரைச்சலை அடக்க அதன் முனைகளுக்கிடையே ஒரு 104 கப்பாசிற்றர், ஒவ்வொரு முனையிலிருந்தும் உடலுக்கு ஒவ்வொன்று. ரிசீவரின் இரு அன்ரெனாக்களும் கெபின் கூரையின் உட்புறத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை நீருக்குள் போகாது, அதனால் நீர்மட்டத்துக்குக் கீழே எதையும் ஒட்டவேண்டாம்.

சுக்கான் 60 மிமீ நீளத் தகடு. அதில் 15 மிமீ அச்சுக்கு முன்னால். அப்படியிருந்தால் சாதாரண சேர்வோ மோட்டரே இலகுவாகத் திருப்பும். திருப்பம் பக்கத்துக்கு 35 பாகை.

ஏப்ரல் 27, ஞாயிறு

சீமெந்துத் தண்ணீர்த் தொட்டியில் மிதப்பு. எல்லாம் ஏற்றி 4.8 கிலோ, இன்னும் 2.5 வேண்டும். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைச் சிறு துணிப்பைகளில் கட்டி அடிப்பலகையில் அடுக்கினோம். பை என்றால் நகர்த்தலாம், உருக்கி ஊற்றினால் நின்ற இடம்தான்.

முதலில் நடுவில் அடுக்கியதால் பின்புறம் எழுந்து தட்டு நீருக்கு வெளியே வந்தது. ரிவர்ஸ் கொடுத்ததும் கொப்பளித்தது. 400 கிராமைப் பின்னுக்குத் தள்ளியதும் அடங்கியது.

உப்புநீர் கணக்கை மாற்றாதா? முகத்துவாரம் திறந்து சுத்தக் கடல்நீரே வந்தாலும் படகு எழுவது 1.2 மிமீ அளவுதான்.

மே 3, சனி

கல்லடிப் பக்க வாவியோரம், காலை ஆறரை. கச்சான் காற்று எழும்பினால் இந்த நீண்ட கெபின் பாயாகிவிடும்.

இங்கிலாந்துக் கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல், செக்கனுக்கு 1.79 மீற்றர். அதைப் பன்னிரண்டால் வகுக்கக்கூடாது. அலை ஒத்துவர, 12இன் வர்க்கமூலமான 3.46ஆல் வகுக்கவேண்டும்: 0.52. பத்து மீற்றர் இடைவெளியில் இரண்டு தடி நட்டால் 19 செக்கன் சொச்சம். முக்கால் திறப்பில் அது வந்தது, மின்னோட்டம் 1 அம்பியர் அளவில். பற்றரியைப் பாதிக்குமேல் இறக்காமல் மூன்று மணி நேரம் ஓட்டலாம். முழுத் திறப்பில் அணியத்தில் நீர் குவிந்து கரையில் அலை உடைந்தது. நிசக் கால்வாயிலும் கரையில் அலை உடைந்தால் வேகம் கூடிவிட்டது என்றே அர்த்தம்.

பின்னோட்டத்தில் சுக்கான் கேட்கவில்லை. புரொப்பெலர் தள்ளும் நீர் அப்போது சுக்கானில் படாது. நிசப் படகும் இப்படித்தான், திருத்தவேண்டியதில்லை. முன்னோக்கி ஒரு சின்ன உந்தல் கொடுத்து நேராக்கிவிட்டுப் பின்வாங்கவேண்டும்.

மே 10, சனி

ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) வேரைவிடத் தங்கூசி என்னும் நைலோன் நூல்தான் எதிரி. அறுந்த வலைத்துண்டு ஒன்று சாஃப்ட்டில் சுற்றி ஃபியூஸ் போனது, ஈ.எஸ்.சி தப்பியது. பாசி வாசலைத் திறந்து, நுனி வளைந்த இடுக்கியால் எதிர்த்திசையில் சுற்றி எடுக்க நான்கு நிமிடம். கடைசி இழை புஷ்ஷுக்கும் புரொப்பெலருக்கும் இடையே புகுந்திருந்தது. புரொப்பெலரைக் கழற்றினால்தான் கண்ணில் படும். விட்டால் புஷ்ஷை அறுக்கும். வீட்டில் நல்லநீரால் கழுவி, கிளைக்குழாயில் அரை மில்லிலீற்றர் கிறீஸ் ஏற்றினோம். புரொப்பெலர்ப் பக்கம் புதிய கிறீஸ் எட்டிப்பார்த்ததும் நிறுத்தியாயிற்று.